செல்லாத வாக்கு யார் குற்றம்? வாக்குச்சீட்டு, வாக்கு இயந்திர வடிவமைப்பு பற்றி ஒரு விவாதம்

வெள்ளைத்தாள்:

தேர்தல் முடிவுகள் வரும்போது கடைசி வரியில் ‘செல்லாதவை இத்தனை’ என்று ஒரு எண் இருக்கும். யாரும் அதை நின்று படிப்பதில்லை. படித்தாலும் ‘போடத் தெரியாதவர்கள் போட்டது’ என்று தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அந்த எண் ரொம்ப நாளாக உறுத்துகிறது. வேலையை விட்டுவிட்டு வந்து, வரிசையில் நின்று, உள்ளே போய் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு, ‘என் கடமை முடிந்தது’ என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போன ஆள் அவர். அவருடைய வாக்கு எண்ணப்படவே இல்லை. அது அவருக்குக் கடைசி வரை தெரியவும் போவதில்லை.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே துளையிடும் சீட்டு. வேட்பாளர் பெயர்கள் விரித்த புத்தகம் போல இடது பக்கத்திலும் வலது பக்கத்திலும் இருந்தன, துளைகள் நடுவில் ஒரே வரிசையாக. ‘வண்ணத்துப்பூச்சிச் சீட்டு’ என்ற பெயர் அதனால்தான் வந்தது. இடது பக்கம் முதல் பெயர் புஷ், அடுத்தது அல் கோர். வலது பக்கம் முதல் பெயர் பேட் புகேனன். துளைகளோ இரு பக்கத்துக்கும் மாறி மாறி: முதல் துளை புஷ், இரண்டாவது புகேனன், மூன்றாவதுதான் கோர். இடது பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ‘இரண்டாவது பெயர், இரண்டாவது துளை’ என்று போனவர்களின் வாக்கு புகேனனுக்குப் போயிற்று. தவறு புரிந்து கோருக்கும் ஒரு துளை போட்டவர்களின் சீட்டு செல்லாமல் போயிற்று. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட துளையால் அந்த மாவட்டத்தில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் தள்ளப்பட்டன. மாநிலம் முழுவதற்குமான வெற்றி வித்தியாசம் 537.

இதில் என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. அந்தச் சீட்டை வடிவமைத்த அதிகாரி கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அங்கே வயதானவர்கள் அதிகம் என்று எழுத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதும் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, இரண்டு பக்கமாகப் பிரித்தார். எந்த முதியவர்களுக்காக அதைச் செய்தாரோ, அவர்களில் பலர்தான் தடுமாறிப் போனார்கள்.

---

நேர்கோடு:

வருத்தமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தத் துளை என்று அம்புக்குறி இருந்தது. மாதிரிச் சீட்டை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதே சீட்டில் நான்கு லட்சம் பேருக்கும் மேல் சரியாகத்தானே போட்டிருக்கிறார்கள்? நாட்டை யார் ஆள்வது என்று முடிவு செய்யப் போகிறவர் இரண்டு நிமிடம் நிதானமாகப் பார்க்கக் கூடாதா? எல்லாவற்றுக்கும் தாளைக் குறை சொன்னால் வாக்காளரின் பொறுப்பு என்று எதுவுமே மிஞ்சாது.

---

ஆய்வுமாணவி:

நேர்கோடு, உங்கள் கேள்விக்கு அந்த மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. தேர்தல் நாளில் நேரில் போட்டவர்களுக்குத்தான் வண்ணத்துப்பூச்சிச் சீட்டு. தபாலில் போட்டவர்களுக்கு வந்தது அந்த வடிவத்தில் இல்லை, பெயர்கள் ஒரே நேராக இருந்தன. அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 2001-இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். தபால் வாக்குகளில் 1,000-க்குச் சுமார் 2 பேர் புகேனனைத் தேர்ந்திருந்தார்கள். நேரில் போட்டவர்களில் 1,000-க்கு 8 பேருக்கும் மேல். அதே ஊர்க்காரர்கள், அதே வேட்பாளர்கள். மாறியது தாள் மட்டும். அக்கறையின்மைதான் காரணம் என்றால் தபாலில் போட்டவர்களிடமும் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அதே தேர்தலில், அதே மாநிலத்தில், டூவல் என்ற இன்னொரு மாவட்டம். அங்கே அதிபர் வேட்பாளர் பட்டியல் ஒரு பக்கத்தில் முடியாமல் அடுத்த பக்கத்துக்கும் நீண்டது. முன்னதாக வெளியிட்ட மாதிரிச் சீட்டிலோ ‘எல்லாப் பக்கத்திலும் வாக்களியுங்கள்’ என்று இருந்தது. சொன்ன சொல்லைக் கேட்டு முதல் பக்கத்தில் ஒன்று, இரண்டாம் பக்கத்தில் ஒன்று என்று போட்டவர்களின் சீட்டு செல்லாது. அங்கே 20,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் இப்படிப் போயின. இவர்கள் அறிவுரையைப் படிக்காதவர்கள் இல்லை. படித்து, அதன்படி நடந்ததால் வாக்கை இழந்தவர்கள்.

---

சாவடிக்காரர்:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன், சீட்டுக் காலத்திலும் இயந்திரக் காலத்திலும். படித்ததை எழுதுகிறீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சீட்டுக் காலத்தில் ஒரு ரப்பர் முத்திரை கொடுப்போம். அம்புகள் குறுக்காக அமைந்து சுற்றுவது போல இருக்கும் அந்தக் குறி. வெறும் பெருக்கல் குறியாக இல்லாமல் ஏன் அப்படி என்று பலருக்குத் தெரியாது. தாளை மடிக்கும்போது ஈர மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டிவிடும். அப்போது இரண்டு வேட்பாளருக்கு முத்திரை விழுந்தது போல இருக்கும். ஆனால் ஒட்டிய குறியில் அம்புகள் எதிர்த்திசையில் சுற்றும், கண்ணாடியில் பார்ப்பது போல. எது போட்டது, எது ஒட்டியது என்று எண்ணுபவர் பிரித்துவிடலாம். முதலில் நெடுக்காக மடியுங்கள், அப்புறம் குறுக்காக மடியுங்கள் என்று சொல்லிக் கொடுப்பதும் அதற்குத்தான். மனிதர் தவறுவார் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தத் தவறிலிருந்து வாக்கைக் காப்பாற்ற யாரோ செய்த ஏற்பாடு அது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை வருகிறது.

இயந்திரக் காலத்தில் நடந்த ஒன்று. வயதான அம்மா ஒருவர் மறைப்புக்குள் போனார். நாங்கள் இந்தப் பக்கம் வாக்கை அனுமதித்துவிட்டோம். பீப் சத்தம் வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. ‘அமுக்கிட்டீங்களாம்மா?’ என்றால், ‘அமுக்கிட்டேன்யா, அமுக்கிட்டே இருக்கேன்’ என்கிறார். உள்ளே யாரும் போகக் கூடாது. வெளியே அழைத்து, அட்டையில் செய்த மாதிரி இயந்திரத்தைக் காட்டி, ‘எங்கே அமுக்குனீங்க, இதுல காட்டுங்க’ என்றேன். சின்னம் அச்சிட்ட இடத்தில் விரலை வைத்தார். படத்தையே அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறார்.

அவர் மேல் என்ன தப்பு? ஒரு மாதமாகத் தெருவில் ஒலிபெருக்கி சொன்னதெல்லாம் ‘இந்தச் சின்னத்தைப் பார்த்து வாக்களியுங்கள்’ என்பதுதான். பொத்தான் சின்னத்துக்கு வலது பக்கம், இடையில் ஒரு விளக்கு, அதற்கும் அப்பால் நீலமாக இருக்கிறது. அது பொத்தான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். வீட்டில் பொத்தான் வைத்த பொருளையே அதிகம் தொடாதவருக்கு யார் சொன்னார்கள்? அந்த அம்மாவுக்கு நல்லவேளையாகச் சத்தம் வராததால் தெரிந்தது. வரிசை மாறி அடுத்த பொத்தானை அழுத்தியிருந்தால் சத்தம் வந்திருக்கும், எல்லோரும் சரி என்று நினைத்திருப்போம்.

---

கணிநிரலி:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் அதிலேயே இயந்திரத்தின் நன்மையும் இருக்கிறதே! வாக்கு பதிவாகும் வரை சத்தம் வராது. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் போட முடியாது, முதலில் அழுத்தியது மட்டும்தான் கணக்கு. மை ஒட்டுவது, கோட்டின் மேல் குத்துவது, பெயர் எழுதிவைப்பது எல்லாம் ஒழிந்தது. இந்தியாவில் 2004 முதல் மக்களவைத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில்தான் நடக்கிறது. செல்லாத வாக்கு என்ற பேச்சே இப்போது தபால் வாக்குகளில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. வெள்ளைத்தாள் கேட்ட பிரச்சினைக்கு இதுதானே தீர்வு?

---

எழுத்துருக்காரி:

தம்பி, செல்லாத வாக்கு ஒழிந்தது உண்மை. தவறான வாக்கு ஒழியவில்லை. முன்பு தவறு ஒரு தாளில் கண்ணுக்குத் தெரிந்தது, எண்ணி எத்தனை என்று சொல்ல முடிந்தது. இப்போது அதுவும் சரியான வாக்கு போலவே பதிவாகிவிடுகிறது. சாவடிக்காரர் ஐயா கடைசியில் சொன்னது அதைத்தான்.

நான் அச்சு வடிவமைப்பு வேலை செய்கிறேன். ஒரு பக்கத்தில் கண் எங்கே முதலில் போகும், எதைத் தாண்டும் என்று பார்ப்பதே என் பிழைப்பு. 2006-இல் புளோரிடாவின் சாரசோட்டா மாவட்டத்தில் நடந்தது எங்கள் தொழிலில் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். அங்கே தொடுதிரை இயந்திரம், துளையும் இல்லை, மையும் இல்லை. முதல் திரையில் செனட் எனும் மேலவைக்கான போட்டி மட்டும். இரண்டாம் திரையின் உச்சியில் அமெரிக்கக் கீழவைக்கான போட்டி, இரண்டே பெயர்கள். அதற்குக் கீழே வண்ணப் பட்டையில் ‘மாநிலம்’ என்ற தலைப்பு, அதன் கீழ் ஆளுநர் பதவிக்கு நீண்ட பட்டியல். திரை மாறியதும் கண் நேராக அந்த வண்ணப் பட்டைக்குப் போய்விடும். மேலே இருக்கும் இரண்டு பெயர்களும் தலைப்புக்கு மேலே உள்ள ஏதோ விவரம் போலத் தோன்றும்.

அந்தப் போட்டியில் யாருக்கும் போடாமல் விட்டவர்கள் சுமார் 18,000 பேர். இயந்திரத்தில் போட்டவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம். அதே போட்டிக்குத் தபால் தாளில் போட்டவர்களில் 3 சதவீதம்கூட இல்லை. வெற்றி வித்தியாசம் 369. அந்த 18,000 பேரில் பெரும்பாலானோர் ‘நான் முழுச் சீட்டையும் போட்டுவிட்டேன்’ என்று நினைத்துத்தான் வெளியே வந்திருப்பார்கள்.

2018-இல் அதே மாநிலத்தின் புரோவர்ட் மாவட்டத்தில் காகிதச் சீட்டிலும் இது நடந்தது. இடது ஓரப் பத்தியில் மூன்று மொழிகளில் நீளமான அறிவுரை. அதன் அடியில், பக்கத்தின் கீழ் மூலையில், செனட் போட்டி. அறிவுரைப் பத்தியை நாம் எல்லோரும் எப்படிப் பார்க்கிறோம்? ‘ஓ, விதிமுறை’ என்று அடுத்த பத்திக்குப் போவோம். அப்படித்தான் போனார்கள். ஆளுநருக்கு விழுந்த வாக்குகளைவிட செனட்டுக்குச் சுமார் 25,000 குறைவு. மாநிலம் முழுவதும் வித்தியாசம் 10,033. அறிவுரைக்கு அடியில் போட்டியை வைக்காதீர்கள் என்று அந்நாட்டுத் தேர்தல் உதவி ஆணையத்தின் வழிகாட்டி 2007-லேயே சொல்லியிருந்தது.

---

நேர்கோடு:

ஆய்வுமாணவி கொடுத்த தபால் வாக்கு ஒப்பீட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போடாமல் விட்டதையெல்லாம் தவறு என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு பேரையும் பிடிக்காமல் விட்டிருக்கலாம். அது ஒரு வாக்காளரின் முடிவு. நம் நாட்டில் அதற்காகத்தான் நோட்டா பொத்தானே வந்தது. மனமறிந்து விட்டதையும் ‘வடிவமைப்பு’ கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

---

ஆய்வுமாணவி:

நியாயமான கேள்வி. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2006-இல் சாரசோட்டாவுக்குப் பக்கத்து சார்லட் மாவட்டத்தில் அதே கீழவைப் போட்டி ஆளுநர் பட்டியலோடு ஒரே திரையில் இல்லை, அங்கே விடுபட்டவை மிகக் குறைவு. ஆனால் அங்கே ஆளுநர் போட்டியோடு ஒரே திரையில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் போட்டியைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் போட்டியில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் போடாமல் விட்டிருந்தார்கள். நீண்ட ஆளுநர் பட்டியலோடு எது ஒரே திரையில் வந்ததோ, அது காணாமல் போனது. வேட்பாளர் மேல் உள்ள வெறுப்பு திரையின் அமைப்பைப் பார்த்து இடம் மாறாது.

---

புள்ளடி:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இயந்திரம் இல்லை, இன்னமும் தாளும் பேனையும்தான். எங்கள் கதையும் இந்த விவாதத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 1,35,452. அதாவது சுமார் 1 சதவீதம். ஒன்பது மாதம் கழித்து 2020 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் அது 7,44,373 ஆகியது, 6 சதவீதம். 2024-இலும் அதே மாதிரி: செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் 2 சதவீதத்தை ஒட்டி, நவம்பரில் பாராளுமன்றத்துக்கு ஐந்தரை சதவீதத்துக்கு மேல். இரண்டு மாதத்துக்குள் சனம் வாக்களிக்க மறந்துவிட்டதா? இல்லையே.

ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு நேரே ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டால் போதும். இரண்டாம், மூன்றாம் விருப்பு கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். பாராளுமன்றச் சீட்டில் முதலில் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குப் புள்ளடி. பிறகு கீழே இலக்கக் கட்டங்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. அந்தக் கட்டங்களில் பெயர் கிடையாது, படமும் கிடையாது, வெறும் இலக்கம். உங்களுக்கு வேண்டியவரின் இலக்கத்தை நீங்கள் மனப்பாடம் செய்து வர வேண்டும். என் அம்மம்மா உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு போவார்.

இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி போட்டுவிட்டு மேலே கட்சிக்குப் போடாமல் விட்டால் முழுச் சீட்டும் நிராகரிப்பு. பிரசாரமோ முழுக்க இலக்கத்தைப் பற்றித்தான். சுவரொட்டியில் முகமும் இலக்கமும்தான் பெரிதாக இருக்கும். மனிதர் எதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறாரோ, அதைத்தானே முதலில் தேடிப் போடுவார். சாவடிக்காரர் ஐயா சொன்ன அம்மா சின்னத்தையே அழுத்தினார் என்று படித்ததும் எனக்கு எங்கள் இலக்கங்கள்தான் ஞாபகம் வந்தன.

---

தேன்மொழி:

தாளும் திரையும் ஒரு பக்கம் இருக்கட்டும், பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதிலும் சிக்கல் உண்டு. 2004-இல் கேரளத்தின் ஆலப்புழை மக்களவைத் தொகுதியில் வி.எம். சுதீரன் 1,009 வாக்கில் தோற்றார். அதே பட்டியலில் வி.எஸ். சுதீரன் என்று இன்னொருவர், அவருக்கு 8,000-க்கும் மேல். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது முதலெழுத்து உட்பட அதே பெயரில் இன்னும் சிலர் நின்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சின்னத்திலும் இதே சிக்கல்தான். 2019-இல் தெலங்கானாவின் போங்கீர் தொகுதியில் கார் சின்னக் கட்சி 5,000 சொச்சம் வாக்கில் தோற்றது, ரோடு ரோலர் சின்னத்துக்கு 27,000-க்கும் மேல் விழுந்திருந்தது. அத்தனையும் குழப்பத்தில் விழுந்தவை என்று சொல்லமாட்டேன். ஆனால் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரமாக, கட்டைவிரல் அகலத்தில் இரண்டையும் அச்சடித்து, பார்வை மங்கிய ஒருவரிடம் காட்டிப் பாருங்கள்.

2015-க்குப் பிறகு வேட்பாளர் படத்தையும் போடுகிறார்கள். அது நல்ல மாற்றம். பெயரும் சின்னமும் ஏமாற்றினாலும் முகம் கைகொடுக்கும். படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும்.

---

கணிநிரலி:

எழுத்துருக்காரி அக்கா சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். ‘ஒப்புகைச் சீட்டு வருகிறதே, அதில் பார்த்துக்கொள்ளலாமே’ என்று எழுத வந்தேன். எழுதும்போதே இடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும், அப்புறம் பெட்டிக்குள் விழுந்துவிடும். யாருக்குப் பதிவானது என்று காட்டும். தவறி அழுத்தியவருக்குத் திரும்பப் போட வழி கிடையாது. பதிவான பிறகு காட்டுவதும், பதிவாகும் முன் ‘இதுதானே?’ என்று கேட்பதும் வேறு வேறு.

கேட்டாலும் போதாது போலிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள், முடிவு 2020-இல் வந்தது. தொடுதிரையில் தேர்ந்து, அச்சான தாளை வாக்காளர் சரிபார்க்க வேண்டும். எல்லோருடைய தாளிலும் வேண்டுமென்றே ஒரு தேர்வை மாற்றி அச்சிட்டார்கள். தாளைப் பார்த்தவர்களே 40 சதவீதம்தான். பிழை இருக்கிறது என்று அலுவலரிடம் சொன்னவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. தாளைத் தனியே ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அலுவலர் வாயால் சொன்னபோது கண்டுபிடித்தவர்கள் கூடினார்கள். இயந்திரம் தவறே நடக்கவிடாது என்று நான் முதலில் எழுதியது சரியில்லை.

---

எழுத்துருக்காரி:

நன்றி தம்பி. இன்னும் இரண்டு சம்பவங்களைச் சொல்லிவிடுகிறேன். திருத்தினால் திருந்தும் என்று காட்டுபவை என்பதால் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

ஸ்காட்லாந்து, 2007. நாடாளுமன்றத்துக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு, ஒன்று தொகுதிக்கு, ஒன்று வட்டாரக் கட்சிப் பட்டியலுக்கு. அதற்கு முன் இரண்டு தனித்தனித் தாள்கள். அந்த ஆண்டு ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்தார்கள். அதே நாளில் உள்ளாட்சித் தேர்தலும் நடந்தது, அதில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். மக்கள் இடது பத்தியில் இரண்டு பெருக்கல் குறி போட்டார்கள், அல்லது ஒரு பத்தியைக் காலியாக விட்டார்கள். மொத்தம் சுமார் 1,46,000 வாக்குகள் தள்ளப்பட்டன. கிளாஸ்கோ, லோதியன் வட்டாரங்களில் கட்சிகள் அதிகமாகி இடம் போதாமல் தாளின் மேலே இருந்த அறிவுரையைச் சுருக்கினார்கள், அம்புக்குறியை எடுத்தார்கள். அங்கேதான் நிலைமை மோசம். 2011-இல் மறுபடி இரண்டு தாளாகப் பிரித்ததும் தொகுதி வாக்கில் 4 சதவீதமாக இருந்த நிராகரிப்பு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆஸ்திரேலியக் கதை கொஞ்சம் சிக்கலானது. மேலவைச் சீட்டில் எல்லா வேட்பாளருக்கும் வரிசை எண் போட வேண்டியிருந்தது, பத்தில் ஒரு சீட்டு செல்லாமல் போயிற்று. 1984-இல் அதை எளிதாக்கி, கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக்கு ‘1’ என்று போட்டால் போதும் என்றார்கள். மேலவையில் செல்லாதவை பாதிக்கும் கீழே இறங்கின. ஆனால் கீழவைச் சீட்டிலும் ‘1’ மட்டும் போட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். அங்கே எல்லோருக்கும் எண் போட வேண்டும் என்ற விதி மாறவில்லை. 2 சதவீதமாக இருந்தது 6 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு தாளைத் திருத்தும்போது அதே கையில் இருக்கும் மற்றத் தாளையும் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அச்சடிக்கும் முன் பத்துப் பேரிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருந்தால் இதில் பாதி அன்றே தெரிந்திருக்கும். வடிவமைத்தவர் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாது. எனக்கே என் பக்கத்தில் தெரிவதில்லை.

---

நேர்கோடு:

முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘இரண்டு நிமிடம் நிதானமாகப் பார்க்கக் கூடாதா’ என்று கேட்டிருக்கிறேன். டூவல் மாவட்டத்தில் நிதானமாகப் படித்தவர்தான் மாட்டிக்கொண்டார். வாக்காளருக்குப் பொறுப்பு உண்டு என்பதை நான் இன்னும் விடவில்லை, ஆனால் அந்தக் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

---

சாவடிக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதி முதியோர் சங்கத்தில் அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு விளக்கக் கூட்டம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அட்டையில் நானே ஒரு மாதிரி செய்திருக்கிறேன். பெயர்கள் கற்பனை, சின்னங்களும் எந்தக் கட்சியுடையதும் இல்லை. பொத்தானுக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறேன். சின்னத்தை அழுத்தும் தவறை எப்படித் தடுப்பது என்றுதான் புரியவில்லை. ‘சின்னத்தை அழுத்தாதீர்கள்’ என்று மேலே எழுதிவைக்கலாமா?

---

எழுத்துருக்காரி:

வேண்டாம் ஐயா. அதைப் படித்தவர் மனதில் ‘சின்னம், அழுத்து’ இரண்டும்தான் நிற்கும். ‘சின்னத்தைக் கண்டுபிடியுங்கள். அதே வரிசையில் விரலை வலது பக்கம் நகர்த்துங்கள். நீலப் பொத்தானை அழுத்துங்கள். சத்தம் கேட்கும்வரை நில்லுங்கள்.’ இந்த நான்கையும் இதே வரிசையில் வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் விரலும் அட்டையில் நகரட்டும். அப்புறம் அட்டையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் எதுவும் பேசாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்து வந்து இங்கே எழுதுங்கள், அதை வைத்து அட்டையை மாற்றுவோம்.